தோற்கும் வாய்ப்பையாவது கொடுத்திருக்கலாம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பிளேஆஃப் தேர்வுக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் சென்ட்ரல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் படித்தவன் அல்ல; ஆர்லாண்டோவில் எனக்கு உற்றார் உறவினரும் இல்லை. ஆனாலும் 2017 பருவத்தில் ஒரு தோல்வியும் காணாத அதன் அணியை, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றில் நீங்கள் சேர்க்காததை நினைத்தால் இன்றுவரை மனம் ஆறவில்லை. பழங்கதையை ஏன் கிளறுகிறாய் என்பீர்கள். அறைக்குள் அமர்ந்து ரகசிய வாக்கெடுப்பில் அணிகளை வரிசைப்படுத்தும் உங்கள் வழக்கம் பழங்கதையாகிவிடவில்லையே!

2015-இல் அந்த அணி ஆடிய ஆட்டங்கள் 12, தோற்றவையும் 12. இரண்டே ஆண்டுகளில் அதே அணி தோல்வியே இல்லாமல் நின்றது. இடையில் இர்மா புயல் வந்து அட்டவணையைக் குலைத்துப்போட்டது. ஜார்ஜியா டெக் அணியுடனான ஆட்டம் ரத்தானது. நவம்பரில் அண்டை வீட்டுப் பகையாளியான சவுத் புளோரிடா, ஆட்டம் முடியும் தறுவாயில் 42-42 என்று சமன் செய்தது. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் சென்ட்ரல் புளோரிடாவின் மைக் ஹியூஸ், மறுதொடக்கத்துக்கு எதிரணி உதைத்த கிக்ஆஃப் பந்தைப் பிடித்து 95 கெஜம் ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி பெறும் டச்டவுனில்தான் நின்றார். அடுத்த வாரம் மெம்ஃபிஸுடன் அமெரிக்கன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸ் (அந்த அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பு) இறுதியாட்டம். இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 62-55 என்று வென்றது.

மறுநாள் உங்கள் பட்டியல் வந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வென்ற அணிக்கு 12-ஆம் இடம். மூன்று முறை தோற்ற ஆபர்னுக்கு 7-ஆம் இடம். தன் கான்ஃபரன்ஸின் பிரிவில்கூட முதலிடம் பெறாத அலபாமாவுக்கு நான்காம் இடம், அன்று நான்கே அணிகளுக்குத் திறந்த பிளேஆஃப் வாசல்.

உங்கள் பக்க நியாயம் தெரியாதவன் அல்ல நான். எதிரணிகளின் பலத்தையும் பார்க்க வேண்டும், எண்ணிக்கை மட்டும் போதாது. ஆனால் எதிரணிகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிர்வாகிகள் பேசி முடித்துவிடுகிறார்கள். களத்தில் இறங்கும் பையன், அட்டவணையில் இருப்பவனைத்தானே வெல்ல முடியும்?

2018 ஜனவரி 1, அட்லாண்டாவில், பிளேஆஃப் சுற்றுக்கு வெளியே நடந்த பீச் பவுல் ஆட்டம். எதிரில் நின்றது அதே ஆபர்ன். நவம்பரில் ஜார்ஜியாவையும் அலபாமாவையும் வீழ்த்திய அணி அது. (அடுத்த மாதமே ஜார்ஜியா அதைத் திருப்பி அடித்ததையும் சொல்லிவிடுகிறேன்.) அன்று சென்ட்ரல் புளோரிடாவின் லைன்பேக்கர் (தற்காப்பு ஆட்டக்காரர்) ஷக்கீம் கிரிஃபின் ஆடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறவிக் கோளாறால் நான்கு வயதிலேயே இடது கையை மணிக்கட்டோடு இழந்தவர். ஓடி வருபவனை ஒற்றைக் கையால் வளைத்து, தோளைக் கொடுத்துச் சாய்த்து, தூசி தட்டி எழுந்துவிடுவார். ஒரு முறை இரண்டு முறை அல்ல, அந்த ஆட்டத்தில் மட்டும் 12 டாக்கிள்கள். முடிவு 34-27, சென்ட்ரல் புளோரிடாவுக்கு வெற்றி. ஒரு வாரம் கழித்து உங்கள் கோப்பைக்காக மோதியவை எவை? ஆபர்னிடம் தோற்றிருந்த அதே அலபாமாவும் ஜார்ஜியாவும்.

அந்த மோதலுக்கு முன்பே சென்ட்ரல் புளோரிடா தன்னைத் தானே தேசிய சாம்பியன் என்று அறிவித்து, டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலமும் நடத்தியது. ஊரே சிரித்தது; நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: வேறு என்ன வழியை நீங்கள் விட்டுவைத்தீர்கள்? அலபாமாவை அவர்கள் வென்றிருப்பார்கள் என்று நான் வாதாடவில்லை. 30 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருக்கலாம். 2021-இல் அதே கான்ஃபரன்ஸைச் சேர்ந்த சின்சினாட்டியை உள்ளே விட்டீர்கள். அலபாமாவிடம் 27-6 என்று தோற்றது. பேச்சு அத்தோடு முடிந்தது. 2017-ஐப் பற்றிய பேச்சுதான் முடியவே மாட்டேன் என்கிறது.

2024 முதல் பிளேஆஃபில் பன்னிரண்டு அணிகள், அவற்றில் கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் ஐவருக்கு இடம் என்று விதி மாறியது. நல்லதுதான். சிறிய கான்ஃபரன்ஸ் அணிகள் வந்து தோற்கும்போதெல்லாம் ‘இவர்களுக்கு எதற்கு இடம்’ என்று கேட்பவர்களுக்கு மட்டும் செவிசாய்க்காதீர்கள். பெரிய அணிகளும்தான் தோற்கின்றன.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் உறுப்பினரும் எந்த அணியை எந்த இடத்தில் வைத்தார் என்பதைப் பருவம் முடிந்த பிறகாவது பெயரோடு வெளியிடுங்கள். 2017-இலிருந்தே தொடங்கலாம். அந்தப் பட்டியலில் கிரிஃபினின் அணியை 12-ஆம் இடத்தில் எழுதியவர் யார், ஆபர்னை அதற்கு மேலே எழுதியவர் யார் என்று பார்க்க ஆசைப்படுகிறேன்.

இப்படிக்கு,
தொலைக்காட்சி முன் அமர்ந்து பார்த்த ஒரு ரசிகன்