மேசைக்கு எதிரே ஒருவர்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான் நலம். உன் நலம் அறிய ஆவல். மூன்று வாரமாக நீ தொலைபேசியை எடுக்காததால், இம்முறை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. ஆய்வேடு எந்த நிலையில் இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. உதவித்தொகை மார்ச் மாதத்தோடு முடிகிறது என்பது உனக்கே தெரியும். கிணற்று மோட்டார் பழுதாகிச் சரியாகிவிட்டது.

காலையில் சாப்பிடுகிறாயா? பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, என் மூக்குக்கண்ணாடியைத் தேடப்போய் உன் பையருகே, கவனக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். அது பசியை மட்டுப்படுத்தும் என்று பின்னர் படித்தேன். ஆகவே மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, மாத்திரைக்கு முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிடு. நேரம் கழித்துப் போட்டால் தூக்கமும் கெடுமாம்.

சென்ற ஆண்டு உன் பழைய மதிப்பெண் அட்டைகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாய். எதற்கென்று கேட்டதற்குச் ‘சும்மா’ என்றாய். பெரியவர்களுக்கு ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு இருக்கிறது என்று முடிவுசெய்யும் முன், பன்னிரண்டு வயதுக்குள்ளேயே அதன் அறிகுறிகள் இருந்தனவா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள் என்பதை இப்போதுதான் அறிந்தேன். ‘புத்திசாலி, கவனம் போதாது’ என்று நான்காம் வகுப்பிலிருந்து ஆண்டுதோறும் எழுதியிருக்கிறார்கள், கீழே ஒவ்வொன்றிலும் என் கையொப்பம் இருக்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தவன், ஓடியாடிக் குறும்பு செய்யும் பையன்களைத்தான் கவனித்தேன். சன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இது இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆனாலும் நீ இதை அத்தையிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை.

ஏழாம் வகுப்பில் பழுதான வானொலிப் பெட்டியைப் பிரித்துப்போட்டு, இரவு பதினொரு மணி வரை சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து, அதைப் பாட வைத்தாய். மறுநாள் வரலாற்றுப் பாடத்தில் அரைப் பக்கம் தாண்டவில்லை. ‘இதற்கு முடிகிறது, அதற்கு மட்டும் முடியாதா?’ என்று கேட்டேன். அந்தக் கேள்வியில்தான் என் பிழை இருந்தது. தொலைவில் கிடைக்கும் பயன் எல்லோர் கண்ணுக்கும் சிறிதாகத்தான் தெரியும். இக்குறை உள்ளவர்களுக்கு அது இன்னும் விரைவாகத் தேய்ந்துவிடுகிறது என்றும், டோபமைன் என்னும் வேதிப்பொருள் வழியே மூளையில் வேலை செய்யும் ஊக்க உணர்வு அவர்களிடம் வேறுவிதமாக இயங்குகிறது என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆகவே ஆர்வமோ புதுமையோ கெடு முடியும் பதற்றமோ இருந்தால் வேலை நடக்கிறது. வேலை முக்கியமானது என்ற அறிவு மட்டும் கையை நகர்த்துவதில்லை. நானோ அந்த ஒன்றைத்தான் உனக்கு ஆயிரம் முறை சொன்னேன். 1902ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாத, ஆனால் கவனம் நிலைக்காத பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியபோது, அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றார். நூறாண்டு கழித்து, நம் வீட்டுக் கூடத்தில் அதையே நான் ‘திமிர்’ என்றேன்.

உன் முதல் கட்டுரை வந்த இதழைத் தபால்காரர்வரை காட்டிவிட்டேன். அது கெடு நாளுக்கு முந்தைய இரவு எழுதப்பட்டது என்பதை நீயே சொல்லியிருக்கிறாய். ஆய்வேட்டை அப்படி ஓர் இரவில் எழுத முடியாதே, கண்ணு.

இன்னொன்றும் எழுத வேண்டும். இக்குறையில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 74 விழுக்காடு பரம்பரையைச் சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. அந்த வரியோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நான் விடைத்தாள் திருத்தும் இரவுகளில் அம்மா எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், நினைவிருக்கிறதா? அவள் எழுந்து அடுக்களைக்குப் போனால் நானும் எழுந்துவிடுவேன். அப்படி ஒருவர் கூட இருந்தாலே வேலை ஓடும் என்பதற்குப் ‘பாடி டபுளிங்’ என்று பெயராம். அவளுக்குப் பெயர் தெரியாது, எனக்கு அது தேவை என்பது தெரிந்திருந்தது. அவள் போன மறு ஆண்டு எனக்கு இரண்டு மாதம் ஓய்வூதியம் நின்றது. வங்கியில் ஏதோ தாமதம் என்று உன்னிடம் பொய் சொன்னேன். உயிரோடிருப்பதைக் காட்டும் ஆண்டு நேர்காணலுக்குக் கருவூலம் போக வேண்டும் என்று தெரிந்தே, நாளை நாளை என்று நான்தான் போகாமல் இருந்தேன். அதே வாரத்தில்தான் உனக்குத் தொலைபேசியில் ஒழுங்கைப் பற்றி ஒரு மணி நேரம் அறிவுரை சொன்னேன்.

எனக்கும் அதுதானா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இந்த ஆண்டுப் படிவம் பத்து நாளாக மேசைமேல் கிடக்கிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு வீடியோ அழைப்பில் வந்து எதிரே உட்கார். பேச வேண்டாம், நீ உன் பக்கத்தை எழுது, நான் இதை நிரப்புகிறேன். எத்தனை பக்கம் என்று கேட்கமாட்டேன். சாப்பிட்டுவிட்டு வா.

அன்புடன்,
அப்பா