கிளப் வரலாறு: பழைய படங்கள், ஸ்கோர் நோட்டுகள் தேவை

அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்ங்க.

நம்ம கிரிக்கெட் கிளப்பின் வரலாற்றை எழுதத் தொடங்கியாச்சு. மைதானத்தில் இருந்துதான் ஆரம்பிக்கணும். முதலில் ஆடியது கொறங்காட்டில், அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காட்டில். மாடு மேய்ந்து கொழுக்கட்டைப்புல் தீர்ந்தால்தான் ஆட்டம். பந்து கிளுவை வேலிக்குள் போனால் கையில் முள் கீறாமல் எடுக்க முடியாது. நடுவில் 22 கெஜம் மட்டும் செதுக்கி, செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து உருளை இழுத்தார்கள். அப்புறம் பிட்ச் மேல் விரிக்கிற தென்னைநார் மேட்டிங் வந்தது. நாலு பக்கமும் ஆணி அடித்து விறைப்பாக இழுக்காவிட்டால் பந்து கண்டபடி எகிறும்.

சேலம் சின்னப்பம்பட்டியில் இருந்து போன வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். 2023-இல் சொந்த ஊரிலேயே மைதானம் திறந்தார். அதை நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கிறது. நாம் ஆடிய காடுகளில் பாதி இப்போது சைட் போட்டாச்சு. எது எங்கே இருந்தது என்று சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடணும்.

வீட்டுப் பரணில் பழைய ஸ்கோர் நோட்டு, கோப்பை வாங்கிய படம் இருந்தால் தூசி தட்டிப் படம் எடுத்து இங்கே போடுங்க. யார், எந்த ஆண்டு, எந்தக் காடு என்பதையும் சேர்த்து எழுதுங்க. வரும் ஞாயிறு வரை அனுப்பலாம். தட்டச்சு வராதவர்கள் குரல் பதிவு போட்டாலும் சரி, நான் எழுதிக்கொள்கிறேன்.