மதிலுக்கு வெளியேயும் வரட்டும்

சிறப்புப் பொருளாதார மண்டலங்கள், அதாவது தனி வரி, சுங்க விதிகளோடு தொழிலுக்கென ஒதுக்கப்படும் பகுதிகள், குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். வரிச்சலுகையைப் பற்றியே அதிகம் பேசுகிறது. சீனாவின் ஷென்சென் 1980-இல் மண்டலமானது. சலுகை தந்தார்கள், சரி. ஆனால் 1987 டிசம்பரில் அங்கே நிலப் பயன்பாட்டு உரிமையை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஏப்ரலிலேயே அந்த உரிமையைக் கைமாற்ற வழிசெய்து அரசியலமைப்பைத் திருத்தினார்கள். ஒரு மூலையில் செய்து பார்த்தது, நாட்டுக்கே சட்டமானது. நாமோ 1965-இல் குஜராத்தின் காண்ட்லாவில் ஆசியாவிலேயே முதல் ஏற்றுமதி மண்டலத்தைத் தொடங்கி, 2005-இல் தனிச் சட்டமும் போட்டோம். ஆனால் நல்ல விதிகள் பெரும்பாலும் மண்டலத்தின் மதிலுக்கு உள்ளேயே நின்றுவிட்டன.

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுடையது நாலு பேர் வேலை செய்யும் கொலுசுப் பட்டறை. கம்பி இழுப்பது ஒரு வீட்டில், பற்றவைப்பது இன்னொரு வீட்டில், மெருகு மூன்றாவது தெருவில். போன வருடம் முதன்முறையாக ஒரு சின்னப் பார்சலை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். கொலுசு செய்ய ஆறு நாள். காகிதத்துக்கு அலைந்தது பதினோரு நாள். மண்டலத்துக்குள் இருப்பவருக்கோ ஏற்றுமதிச் சரக்குக்கு வழக்கமான சுங்கச் சோதனையே கிடையாது. தெருத்தெருவாகப் பிரிந்து கிடக்கும் தொழிலை ஒரே வளாகத்துக்குள் கொண்டுபோய் அடைக்க முடியாது. எனவே எல்லா அனுமதியையும் ஒரே இடத்தில் தரும் ஒற்றைச் சாளர அனுமதியையும், விவரங்களுக்குத் தொழில் செய்பவரே சான்று தரும் சுயசான்று முறையையும் சேலம் வெள்ளித் தொழிலுக்கு இரண்டு ஆண்டுகள் சோதனையாகத் தந்து பார்க்கலாம். சரிப்பட்டால் அப்புறம் மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோகலாம்.

- ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்