தொட்டி வாங்கிய அன்றே மீன் தராதது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் கடையைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் குரல் பதிவை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். தொட்டிக்கும் பில்டருக்கும் பணம் வாங்கிக்கொண்டு, மீன் கேட்டால் மட்டும் ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி அலைக்கழிக்கிறோம் என்பது அதன் சாரம். மகளின் பிறந்தநாளுக்கென்று வந்தவரிடம் இதை முதலிலேயே சொல்லாமல் பில் போட்ட பிறகு சொன்னது எங்கள் தவறுதான். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். ஆனால், கடையிலுள்ள மீன்கள் நோயுற்றவை, அதை மறைக்கத்தான் இந்தத் தவணை என்று அந்தப் பதிவின் கடைசியில் வரும் பேச்சு எங்களை மிகவும் வருத்தியது. புதிதாக வந்திறங்கும் மீன்களைத் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே விற்பனைக்கு மாற்றுகிறோம் என்பதும், சந்தேகமுள்ள தொட்டியின் மேல் ‘விற்பனைக்கு இல்லை’ என்ற அட்டை தொங்கும் என்பதும், அந்த அட்டைக்காகவே உங்களில் சிலர் எங்களைக் கோபித்துக்கொண்டதும் உங்களுக்கே தெரியும். கேட்ட மீனைக் கொடுக்காமல் திருப்பி அனுப்புவதால் நோயுற்ற மீனை எப்படித் தள்ளிவிட முடியும் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

காத்திருக்கச் சொல்வது தொட்டிக்காக. மீன் தன் செவுள்வழியே ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே உண்டாகிறது. பழைய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. இவை பெரும்பாலும் பில்டர் பஞ்சிலும் சரளைக்கல்லிலும் ஒட்டி வளர்பவை. போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால் அம்மோனியா செவுளை அரிக்கும். நைட்ரைட் இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், காற்றுக்குழாயும் குமிழிவிட்டுக்கொண்டிருக்கும். மீனோ துடுப்பைச் சுருக்கிக்கொண்டு மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடும்.

முன்பு நாங்களும் “முதலில் இரண்டு கப்பி மீன் விட்டுப் பாருங்கள்” என்று சொல்லிக் கொடுத்தனுப்பியவர்கள்தாம். அந்தக் கப்பிகள் என்ன ஆயின என்று அப்போது நாங்கள் கேட்டதில்லை.

மீனே இல்லாமல் தொட்டியைத் தயார்செய்யும் முறை கடினமானதன்று. குழாய்நீரில் குளோரின் நீக்கியைக் கலந்து, பில்டரை இரவுபகலாக ஓடவிட்டு, வெப்பத்தை 26 முதல் 28 டிகிரிக்குள் வைத்துக்கொண்டு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் அம்மோனியா சேர்க்க வேண்டும். வாசனையோ சோப்போ கலந்த அம்மோனியா கூடாது. புட்டியைக் குலுக்கும்போது நுரை தங்கினால் அதை ஒதுக்கிவிடுங்கள். அளவு குறையக் குறைய மீண்டும் சேர்த்துவர, முதலில் நைட்ரைட் ஏறும், பிறகு இறங்கும். ஒருநாள் சேர்த்த 2 மில்லிகிராம் அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் மறைந்து, நைட்ரைட்டும் சுழியம் காட்டினால் தொட்டி தயார். சேர்ந்துபோன நைட்ரேட் குறையும்படி பெரும்பகுதி நீரை மாற்றிவிட்டுச் சில மீன்களை மட்டும் முதலில் விடலாம். நோயில்லாத பழைய தொட்டியின் பஞ்சுத் துண்டு ஒன்றை ஈரம் காயாமல் கொண்டுவந்து பில்டரில் வைத்தால் நாட்கள் குறையும். கேட்பவர்களுக்கு நாங்களே தருகிறோம். அதைக் குளோரின் கலந்த குழாய்நீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள்.

அந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகும் வழக்கம்போல வந்து, “நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்லிச் சென்ற பழைய வாடிக்கையாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்களில் சிலர் உங்கள் தொட்டிப் பஞ்சையே புதியவர்களுக்குப் பகிர்ந்துகொடுத்ததையும் அறிவோம். நீர்ச் சோதனை முன்போலவே இலவசம்; முதல் வாரத்தில் இறக்கும் மீனுக்கு மாற்று மீன் தரும் வழக்கம் இனி இல்லை என்பதால், மீன் வாங்குவதற்கு முன்னரே சோதனை செய்துகொள்வது நல்லது. சோப்புப் போட்டுக் கழுவாத ஒரு சிறிய புட்டியில் தொட்டிநீரை நிரப்பி, அன்றே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்