மூக்கைத் தூக்கும் இடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு முழங்கால்தான் காரணம் என்றால், கடிதத்தைக் காலாலா எழுதுகிறாய் என்று கேட்பாய். மருத்துவரைப் பார்ப்பதும் படம் எடுப்பதுமாக அலைந்ததில் வாரம் ஓடிவிட்டது. இடது முழங்காலில் சவ்வு தேய்ந்திருக்கிறதாம். இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், மாடிப்படி ஏறுவதைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலி இருக்கிறது, பழகியும்விட்டது.

உன் மகள் வேலைக்குப் போகிறாள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீ கார் துடைத்த காட்சிதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதுக் காரை டிசிடியில், அதாவது இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் பெட்டியில் எடுப்பதா, நாமே கியர் மாற்றும் மேனுவலில் எடுப்பதா என்று நீ என்னிடம் கேட்டிருப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. என்ஜினையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிரிக்கும் கிளட்ச் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். உன் மாமாவின் பழைய வேனில், மேட்டில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தி, "காலை மெதுவாக விடு, வண்டி மூக்கைத் தூக்கும், அங்கேயே நில்" என்பாய். பானெட் ஒரு விரல்கடை எழும்பும், என்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மும். அந்த இடம் பிடிபட எனக்கு மூன்று நாள் ஆனது. பிடிபட்டதும் அந்தப் பெருமையில், கிளட்ச் பாதி பிடித்த அந்த ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை மேட்டில் நிறுத்திக் காட்டினேன். நீ தொடையில் ஓங்கி ஒன்று வைத்து, "ஹாஃப் கிளட்ச் கைமாற்று மாதிரிடா, வாங்கின உடனே திருப்பிக் கொடுத்துடணும்" என்றாய். அந்த வசனம் எனக்கு எவ்வளவு காலம் கழித்துப் புரிந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் உன் கடிதத்தில் இருந்த ஒரு தவறு. டிசிடி நேற்று வந்த சமாச்சாரம், நம்பலாமா என்று எழுதியிருந்தாய். நேற்று வந்ததில்லை. அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1939-லேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னரின் கார்களைக் கவனித்துக்கொண்டவர் அவர். பனியில் சிக்காமல் ஓட, அந்தக் கார்களுக்குப் பின்சக்கரம் இருக்கும் இடத்தில் சுற்றி ஓடும் பட்டை மாட்டிய ஆசாமி. இரண்டு கிளட்ச் வைத்தால் கியர் மாறும்போது இழுவை அறுபடாது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் இரண்டையும் சரியான நொடியில் பிடித்து விட அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஏது? 1980-களில் போர்ஷே தன் 956, 962 ரேஸ் கார்களில் இதை மாட்டிப் பார்த்தது. கியர் மாற்றும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் டர்போவின் அழுத்தம் இறங்கிவிடும் என்பது அவர்கள் கவலை. 1986-ல் மோன்ஸாவில் ஒரு ரேஸை ஜெயிக்கவும் செய்தார்கள். நம்மைப் போன்றவர்கள் ஷோரூமில் வாங்கும் காருக்கு அது வந்தது 2003-ல், வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-வில். ஆக, நம்முடைய ரோட்டு வண்டிகளிலேயே அது இருபது வருஷத்துக்கு மேல் ஓடியாகிவிட்டது. புதுசு என்று பயப்படாதே. பயப்பட வேறு காரணம் இருக்கிறது.

டிசிடி உள்ளே ஆட்டோமேட்டிக்கே இல்லை. இரண்டு மேனுவல் கியர்பாக்ஸை ஒரு பெட்டிக்குள் அடைத்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குழாய் மாதிரி ஒரு ஷாஃப்ட், அதற்குள்ளே இன்னொரு ஷாஃப்ட். 1, 3, 5 ஒன்றில். 2, 4, 6 மற்றதில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிளட்ச். நீ இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே மூன்றாவது விழுந்து தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, கண் சிமிட்டுவதற்குள் மாறிவிடும். விற்பனைக்காரர் உன்னைக் காலியான பைபாஸில் ஓட்டச் சொன்னது இதைக் காட்டத்தான். அங்கே அது வெண்ணெய் மாதிரிதான் போகும்.

ஆனால் எந்தக் கியரை எடுத்துவைப்பது என்று அது ஊகிக்கிறது, பார். நீ வேகம் கூட்டினால் அடுத்ததை வைக்கும். பிரேக் மிதித்தால் கீழே உள்ளதை வைக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தவன் சட்டென்று இடைவெளி கிடைத்ததென்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அதற்கு ஒரு நொடி குழப்பம் வந்துவிடும். முந்தப் போகும்போது அந்த ஒரு நொடி பெரிசு. நான்கு வருஷமாக டிசிடி ஓட்டுகிறேன், இன்னமும் ரவுண்டானாவில் நுழையும்போது சில சமயம் யோசிக்கிறது. மேனுவலில் அந்தத் தயக்கம் கிடையாது. தயங்கினால் நம் தயக்கம்தான்.

இப்போது என் கதை. வண்டி வாங்கிய முதல் வருஷம். அலுவலகத்தின் கீழ்த்தள பார்க்கிங்கிலிருந்து வெளியே வர ஒரு சாய்வுப் பாதை உண்டு. சாயங்காலம் அதில் பத்துப் பதினைந்து வண்டி வரிசை கட்டி நிற்கும். நானும் நின்றேன். பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டாலே வண்டி பின்னால் உருளாமல் நின்றுகொள்கிறதே, என்ன சொகுசு என்று பாட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். முதலில் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். அப்புறம் டயலில் கியர்பாக்ஸ் சூடு என்று சிவப்பாக எழுத்து வந்தது. முன்னால் இருந்த வண்டி நகர்ந்ததும் மிதிக்கிறேன், என்ஜின் கத்துகிறது, வண்டி அசையவில்லை. கருகின வாசனை. அந்த வாசனை எனக்குத் தெரியும், உன் மாமா வேனில் நான் வரவழைத்த அதே வாசனை. பின்னால் ஹாரன் அடித்தவர்களில் என் மேலதிகாரியும் ஒருவர்.

ஆறவிட்டுத்தான் எடுக்க முடிந்தது. மறுநாள் சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். நல்ல மெக்கானிக், வயது முப்பதுகூட இருக்காது. நான் கம்பெனியைத் திட்டி முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "சார், மேனுவல் வண்டி ஓட்டியிருக்கீங்களா? அதை மேட்டுல பத்து நிமிஷம் ஹாஃப் கிளட்ச்லயே நிறுத்துவீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். நீ தொடையில் வைத்த அடி அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பெடல் கண்ணில் படவில்லை என்பதால் கிளட்சே இல்லை என்று நினைத்துவிட்டேன். உள்ளே அது தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது, என் காலுக்குத் தெரியாமல். மேனுவலில் தொடை வலிக்கும், வாசனை வருமுன்பே நாமே காலை எடுத்துவிடுவோம். இதில் வலி நம்மிடம் வருவதில்லை.

அன்றிலிருந்து நின்றால் முழுசாக பிரேக். முன்னால் ஒரு வண்டி நீளத்துக்கு இடைவெளி விழும்வரை நகர மாட்டேன். அங்குலம் அங்குலமாக ஊர்வது கிடையாது. அதற்கப்புறம் அந்த எழுத்து வரவே இல்லை.

அதனால் நீ கேட்க வேண்டிய கேள்வி டிசிடியா மேனுவலா என்பதைவிட, அந்த டிசிடி டிரை கிளட்சா, வெட் கிளட்சா என்பதுதான். டிரை என்றால் நம் மேனுவல் கிளட்ச் மாதிரியே காற்றில்தான் ஆற வேண்டும். எண்ணெயைச் சுழற்றும் வேலை இல்லாததால் மைலேஜ் கொஞ்சம் கூடும், எடை குறையும். சின்ன என்ஜின்களுக்கு அதைத்தான் மாட்டுவார்கள். வோல்க்ஸ்வாகனின் ஏழு கியர் டிரை வகை 250 நியூட்டன் மீட்டர் இழுவை வரைதான் தாங்கும். வெட் என்றால் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும், சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்விடும், பெரிய இழுவையும் தாங்கும். ஆனால் அந்த எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும். அதே கம்பெனியின் ஆறு கியர் வெட் வகைக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று கணக்கு. இரண்டாவது கைக்கு வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ரசீதைத்தான்.

சூடும் ஊர்வதும் இந்தப் பெட்டிக்கு ஆகாது என்பது என் பார்க்கிங் அனுபவம் மட்டுமில்லை. 2013-ல் வோல்க்ஸ்வாகன் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, அந்த ஏழு கியர் பெட்டியில் சிந்தெடிக் எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றியது. வெக்கையும் புழுக்கமும் உள்ள இடங்களில், நின்று நின்று போகும் ஓட்டத்தில், உள்ளே மின்சாரக் கோளாறு வந்ததுதான் காரணம். அதற்கப்புறம் நிறையச் சரிசெய்துவிட்டார்கள். இருந்தாலும் மெக்கட்ரானிக் என்று ஒரு மூளைப் பகுதி உண்டே, அது படுத்தால் நம் பழைய மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கிளட்ச் மாற்றினால்கூட லேப்டாப்பை மாட்டி, மூக்கைத் தூக்கும் இடம் எது என்று அதற்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆமாம், அதற்கும் அந்தப் பாடம் உண்டு! மூன்று நாள் ஆகாது, அவ்வளவுதான்.

மேனுவலுக்கு என்ன? கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். தேய்ந்தால் மாற்றலாம், எங்கேயும் மாற்றலாம். பேட்டரி செத்தால் நாலு பேர் தள்ளினால் இரண்டாவது கியரில் எழுப்பிவிடலாம். வேகத்தில் மட்டும் டிசிடியோடு போட்டி போட முடியாது. அதில் வாதமே இல்லை. ஆனால் ஒன்று கேள். போர்ஷே 2013-ல் 911 ஜிடி3-ஐ டிசிடியில் மட்டும்தான் விற்போம் என்று கொண்டுவந்தது. ரேஸ் டிராக்குக்காகவே செய்த கார். அதுதான் வேகம், சந்தேகமில்லை. வாங்குகிறவர்கள் விடவில்லை, 2017-ல் மேனுவலையும் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கை அரிப்பு நமக்குப் புரியும். வளைவுக்கு முன்னால் நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது, நடுவில் ஒரு சின்ன ரேஸ் கொடுத்து, இடிக்காமல் கியர் விழுந்தால் உள்ளங்கையில் வரும் அந்த 'டக்'கை, டிசிடி வாங்கிய நாளிலிருந்து நான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும், கியர் மாற்றுகிற பேடிலை இழுத்துப் பார்த்தேன். டிவி ரிமோட்டை அமுக்குகிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

இவ்வளவு சொன்னவன், நீ மட்டும் ஓட்டுவதாக இருந்தால் யோசிக்காமல் மேனுவல் என்று சொல்லி முடித்திருப்பேன். தினமும் நெரிசல், வீட்டு வாசலில் சரிவு, எந்த வண்டியையும் பன்னிரண்டு வருஷத்துக்குக் குறையாமல் வைத்திருக்கும் குணம். டிரை கிளட்ச் டிசிடிக்கு இந்த மூன்றுமே ஆகாது. ஆனால் தங்கச்சியும் ஓட்டப் போகிறாள், கிளட்ச் வண்டி என்றால் தொடமாட்டேன் என்கிறாள் என்று கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, பொடி எழுத்தில் ஒரு வரி. அதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும் நீ. அவள் ஓட்டாத வண்டி உங்கள் வீட்டுக்கு எதற்கு?

அதனால் இப்படிச் செய். நீ பார்த்த மாடலில் வெட் கிளட்ச் இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் டார்க் கன்வெர்ட்டர் உள்ள சாதா ஆட்டோமேட்டிக் எடு. அது எண்ணெய் வழியாகவே இழுவையைக் கடத்துவதால் ஊர்வதற்குச் சலிக்காது. பந்தயக் குதிரை மாதிரி பாயாது, உங்களுக்கு அது வேண்டவும் வேண்டாம். டிரையைத்தான் எடுப்பேன் என்று அடம் பிடித்தால், அந்தப் பார்க்கிங் கதையைத் தங்கச்சிக்கு ஒரு தடவை படித்துக் காட்டிவிடு. என் மேலதிகாரி வரும் இடத்தைத் தாண்டிவிடாதே.

அப்புறம், அந்தப் பைபாஸ் டெஸ்ட் டிரைவைக் கணக்கில் வைக்காதே. சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டு. முடிந்தால் வண்டியை உன் வீட்டு வாசலுக்கே கொண்டுவரச் சொல்லி, அந்தச் சரிவில் ரிவர்ஸில், கல் ஒன்று பின்சக்கரத்துக்குத் தடையாக இருக்கிற மாதிரி, மெதுவாக ஏற்றிப் பார். அதிர்ந்தால் உனக்கே தெரியும். தங்கச்சியையும் ஓட்டவிடு. நீ பக்கத்து சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார், தொடையில் அடிக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

இருக்கிற பழைய மேனுவலை மட்டும் அவசரப்பட்டு விற்றுவிடாதே. உன் மகள் அதில் ஓட்டப் பழகட்டும். பிரிட்டன் மாதிரி இடங்களில் ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்தால் ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டத்தான் உரிமம் தருவார்கள். அவள் நாளைக்கு எங்கே வேலைக்குப் போவாளோ, யார் கண்டது. எனக்கும் ஒரு சுயநலம் உண்டு. முழங்கால் கொஞ்சம் தேறியதும் அங்கே வருகிறேன். சாவியைக் கொடு, ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வேன் சிஷ்யன்