கண்புரைக்கு மருத்துவரைப் பார்க்கப் போகும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்புரை பற்றிப் பத்திரிகைகளில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் அறுவை நாளைப் பற்றியதாகவே இருக்கிறது. எத்தனை நிமிடம் ஆகும், தையல் போடுவார்களா, எப்போது தலைக்குக் குளிக்கலாம் என்பவைதான் பேச்சு. அதற்கு முன்னால் வேறொரு நாள் இருக்கிறது. மருத்துவர் கண்ணைச் சோதித்து, கருவிகள் அளவெடுத்து, புரையை எடுத்தபின் கண்ணுக்குள் எந்த லென்ஸ் வைப்பது, எத்தனை பவர் என்று முடிவாகும் நாள் அது. அறுவை பிசகில்லாமல் முடிந்த பிறகும் 'நினைத்த மாதிரி பார்வை தெரியவில்லையே' என்று வருந்தினால், பிழையை முதலில் தேட வேண்டிய இடம் அந்த நாள்தான். கண் அளவெடுக்கும் பிரிவில் வேலை செய்யும் நாங்கள், அந்த நாளுக்கு எப்படித் தயாராவது என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்களுக்கு. இவர்களுக்கு மட்டும் வாரக்கணக்கில் முன்னேற்பாடு வேண்டும். கருவிழியின் (கண்ணின் முன்புறமுள்ள கண்ணாடி போன்ற படலத்தின்) மேல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் லென்ஸ், அதன் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடுகிறது. கழற்றிய உடனே வளைவு பழைய நிலைக்குத் திரும்பிவிடாது. மென்மையான லென்ஸ் என்றால் 1 முதல் 2 வாரம், கடினமான வகை என்றால் குறைந்தது 3 அல்லது 4 வாரம் கண்ணில் போடாமல் இருக்க வேண்டும். கடின லென்ஸைப் பல ஆண்டுகளாகப் போட்டுப் பழகியவர்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம். அவர்களுக்குச் சில நாள் இடைவெளி விட்டு மறுபடி அளந்து, இரண்டு அளவும் ஒத்துப்போன பிறகே லென்ஸ் பவரை முடிவு செய்வது நல்லது. 'நேற்று ராத்திரியே கழற்றிவிட்டேன்' என்றால் அது போதாது. நாள் குறிக்கும்போதே விஷயத்தைச் சொல்லி, எத்தனை நாளுக்கு முன் கழற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நாட்களுக்கு ஒரு மூக்குக் கண்ணாடியும் தயாராக இருக்கட்டும்.

இவ்வளவு கறார் எதற்கு என்று தோன்றலாம். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவர் முக்கியமாக இரண்டு எண்களிலிருந்து கணக்கிடப்படுகிறது: முன்பக்கத்திலிருந்து விழித்திரை வரை கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு. நீளத்தில் 1 மில்லிமீட்டர் தவறினால், அறுவைக்குப் பிறகு கண்ணாடி பவரில் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வரை வித்தியாசம் வரும். வளைவில் 1 டயாப்டர் தவறினால் முடிவிலும் கிட்டத்தட்ட 1 டயாப்டர் தவறும். ஒளியால் அளக்கும் கருவி கண்ணைத் தொடாமலேயே நீளத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடும். ஆனால் புரை மிகவும் அடர்ந்துவிட்டால் ஒளி ஊடுருவாது. அப்போது அல்ட்ராசவுண்ட் முறைக்குப் போக வேண்டியிருக்கும். அதில் அளக்கும் கருவியின் முனை கருவிழியைச் சற்றே அழுத்தினாலும் நீளம் குறைவாகப் பதிவாகும், கணக்கில் லென்ஸ் பவர் கூடிவிடும், கண் கிட்டப்பார்வைக்குச் சாய்ந்துவிடும். சிறு பிசகும் இப்படிப் பெரிதாகிவிடும் என்பதால்தான் ஒளிக் கருவியின் முன் தாடையை வைத்ததும் அசையாமல், நெற்றியை நன்றாக ஒட்டி, உள்ளே தெரியும் விளக்கையே பார்க்கச் சொல்கிறோம்.

கண் வறண்டிருந்தாலும் அளவு கெடும். கருவி பார்ப்பது கருவிழியின் மேலுள்ள கண்ணீர்ப் படலத்தில் விழும் பிரதிபலிப்பை. படலம் திட்டுத்திட்டாக இருந்தால், ஒரே கண்ணை அடுத்தடுத்து அளந்தாலும் எண்கள் மாறிமாறி வரும். மணல் உறுத்துவது போன்ற எரிச்சல், இமையோரத்தில் பிசுபிசுப்பு, கண் சிமிட்டினால் தெளிந்து மறுபடி மங்கும் பார்வை, இவை இருந்தால் சொல்லுங்கள். சில வாரம் சொட்டு மருந்து போட்டு, இமையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகு அளவெடுத்தால் நம்பகமாக இருக்கும். ஆலோசனை நாளில் கண்மை, இமைச்சாயம் எதுவும் வேண்டாம்.

கண்ணாடி போடாமல் இருப்பதற்காக முன்பு எப்போதாவது லேசர் சிகிச்சையோ, கருவிழியில் கீறல் போடும் பழைய வகை அறுவையோ செய்திருந்தால், 20 ஆண்டு ஆகியிருந்தாலும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். 'அது வேறு பிரச்சினை, அப்போதே சரியாகிவிட்டது' என்று விட்டுவிடுவது எளிது. அந்தச் சிகிச்சை கருவிழியின் இயல்பான வடிவத்தையே மாற்றியிருக்கும். வழக்கமான கணக்கு அதை அறியாது. கிட்டப்பார்வைக்காக லேசர் செய்தவருக்கு வழக்கமான கணக்கின்படி லென்ஸ் வைத்தால், பவர் குறைவாகப் போய், தூரமும் கிட்டமும் மங்கலாகத் தெரியும் நிலை வரும். இவர்களுக்கென்று தனிக் கணக்கு முறைகள் உண்டு. சிகிச்சைக்கு முந்தைய கண்ணாடிச் சீட்டோ அளவுத் தாளோ கிடைத்தால் தேடி எடுத்து வாருங்கள்.

இனி மருந்துகள். 'கண்ணுக்குத்தானே போகிறோம், மூத்திரப் பை மாத்திரையை எதற்குச் சொல்ல வேண்டும்?' என்று நினைப்பது இயல்பு. ஆனால் கண்புரை மருத்துவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மாத்திரை அதுதான். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், சிலோடோசின் போன்றவை கருவிழிக்குப் பின்னாலுள்ள நிறப்படலத்தின் தசையையும் தளர்த்திவிடுகின்றன. அறுவையின்போது அந்தப் படலம் துணிபோல் அலைபாயும், வெட்டுவாய் வழியே வெளியே பிதுங்க வரும், விரித்து வைத்த பாவை (அந்தப் படலத்தின் நடுவிலுள்ள துளை) அறுவைக்கு இடையிலேயே சுருங்கிவிடும். இந்த நிலை 2005-இல்தான் தனியாக அடையாளம் காணப்பட்டுப் பெயர் பெற்றது. மாத்திரையைச் சில நாள் நிறுத்தினாலும் விளைவு போவதில்லை, நிறுத்திப் பல காலம் ஆன பிறகும் இருக்கக்கூடும். ஆகவே நீங்களாக நிறுத்த வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் பாவையைப் பிடித்துவைக்கும் வளையமோ கொக்கியோ, கண்ணுக்குள் செலுத்தும் மருந்தோ தயாராக வைத்துக்கொள்வார். சிறுநீரகக் கல்லுக்காகப் பெண்களும் இதே மருந்தைச் சாப்பிடுவதுண்டு.

ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகள் விஷயத்தில் நேர்மாறான தவறு நடக்கிறது. அறுவை என்றதும் சிலர் யாரையும் கேட்காமல் அதை நிறுத்திவிடுகிறார்கள். சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்து கருவிழி ஓரத்தில் சிறு துளை வழியாகச் செய்யும் புரை அறுவைக்கு இதைப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. நிறுத்துவதால் இதயத்துக்கும் மூளைக்கும் வரும் ஆபத்துதான் பெரிது. வார்ஃபரின் என்ற மாத்திரை எடுப்பவர்கள் அண்மையில் எடுத்த ஐஎன்ஆர் (ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் சோதனை) முடிவைக் கொண்டு வந்தால் போதும். முடிவை மருத்துவர்கள் சொல்லட்டும்.

மாத்திரை அட்டைகளையும் சொட்டு மருந்துக் குப்பிகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்து வருவதுதான் நல்ல வழி. 'வெள்ளை மூடி, காலையில் ஒரு சொட்டு' என்ற விவரத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டீராய்டு எந்த வடிவில் எடுத்திருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணின் இயல்பான லென்ஸின் பின்பக்கத்தில் வரும் புரைக்கு அதுவும் ஒரு காரணம். அயோடின், லேட்டக்ஸ், ஏதேனும் ஆன்டிபயாடிக் ஒவ்வாமை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) முடிவோடு வாருங்கள். விழித்திரையில் கசிவோ வீக்கமோ இருந்தால் அதை முதலில் கவனிக்க வேண்டியிருக்கலாம். கண்ணில் எப்போதோ பந்து பட்டது, குத்து விழுந்தது என்றாலும் சொல்லுங்கள், லென்ஸைத் தாங்கும் நுண்ணிய நார்கள் அப்போதே தளர்ந்திருக்கலாம். சிறு வயதிலிருந்தே ஒரு கண் பார்வை குறைவு என்றால், புரையை எடுத்தாலும் அந்தக் கண் மறு கண்ணுக்கு நிகராகாது. இதை முன்பே பேசிவிட்டால் பின்னால் ஏமாற்றம் இல்லை.

வீட்டிலேயே செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. ஒரு வாரம், வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எது மங்கல், எப்போது மங்கல் என்று குறித்து வையுங்கள். நேர் கோடுகள் நெளிந்தோ நடுவில் விட்டுப்போனோ தெரிந்தால் அது புரையின் வேலையாக இருக்காது, விழித்திரையின் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும். காலையில் புகைபோல் மங்கி மதியத்துக்குள் தெளிந்தால் கருவிழியில் நீர் கோத்திருக்கலாம், அங்குள்ள செல்களை எண்ணிப் பார்க்க வேண்டும். வெயிலிலும், எதிரே வரும் வண்டி விளக்கிலும் கண் கூசினால் பின்பக்கப் புரை என்று ஊகிக்கலாம். வெள்ளெழுத்துக் கண்ணாடி திடீரென்று தேவையில்லாமல் போனால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். லென்ஸின் நடுப்பகுதி இறுகிக் கிட்டப்பார்வை கூடியிருக்கிறது என்பதே அதன் பொருள். 'மங்கலாகத் தெரிகிறது' என்ற ஒற்றை வாக்கியத்தைவிட, 'ராத்திரி வண்டி ஓட்ட முடியவில்லை, ஊசியில் நூல் கோக்க முடிகிறது' என்பது மருத்துவருக்குப் பல மடங்கு பயன்படும்.

இதற்கடுத்த கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது: கண்ணாடி இல்லாமல் எதைப் பார்க்க வேண்டும், தூரத்தையா, கிட்டத்தையா? ஒற்றைக் குவிய லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு தரும். தூரத்துக்கு வைத்தால் படிக்கக் கண்ணாடி வேண்டும். வாழ்நாளெல்லாம் கிட்டப்பார்வையோடு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பழகியவர் இதை யோசிக்காமல் 'தூரம்' என்று சொல்லிவிட்டால், அவருக்கு இயல்பாக இருந்த ஒரு வசதி நிரந்தரமாகப் போய்விடும். அதனால் நீங்கள் படிக்கும் தூரம், கணினித் திரையின் தூரம், கைவேலை செய்யும் தூரம் மூன்றையும் அளவு நாடாவால் அளந்து எழுதி வாருங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை என்றால், இரு கண்ணுக்கும் இடையே வரும் பவர் வித்தியாசத்தை மறு கண்ணின் அறுவை வரை எப்படிச் சமாளிப்பது என்றும் கேளுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட தூரங்களுக்குத் தெளிவு தரும் பல குவிய லென்ஸ் எல்லாருக்கும் மேலானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல என்று உறுதியாகச் சொல்வோம். உள்ளே வரும் ஒளியை அது பங்கிட்டுக் கொடுப்பதால் மாறுபாட்டுத் தெளிவு (வெளிர், அடர் நிறங்களைப் பிரித்தறியும் திறன்) குறையும், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறோ, முற்றிய கண் அழுத்த நோயோ, சீரற்ற கருவிழியோ உள்ளவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல. சிலிண்டர் பவர் (கருவிழி ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருப்பதால் வருவது) அதிகம் உள்ளவர்களுக்கு, அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் நல்ல பயன் தரும். ஆனால் அது சரியான கோணத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு டிகிரி திரும்பினாலும் அதன் பலனில் 3 சதவீதத்துக்கு மேல் குறையும், 30 டிகிரி திரும்பினால் பலனே இல்லை. திரும்பிவிட்டால் என்ன செய்வார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

'புரை முற்றட்டும்' என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. லென்ஸை உறையோடு முழுதாக வெளியே எடுத்த காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று அதிர்வொலியால் உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். புரை கல்லாக இறுகினால் அதிக அதிர்வு தேவைப்படும், கருவிழியின் உட்புறச் செல்கள் அதிகம் அழியும். அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகிவிட்டது என்றால் அதுவே நேரம். தடையே இல்லையென்றால் அவசரமும் இல்லை. கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

அறுவைக்காக அரை மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுக்க முடியுமா என்று வீட்டில் படுத்துப் பாருங்கள். இருமல், மூச்சுத் திணறல், முதுகு வளைவு, தலை நடுக்கம், காது மந்தம், முகத்தைத் துணியால் மூடினால் வரும் பயம், இவை எதுவானாலும் சொன்னால் வழி செய்யலாம்.

ஆலோசனை நாளன்று பாவையை விரிக்கச் சொட்டு மருந்து போடுவார்கள். விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும், சில மணி நேரம் வரை எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டி வராதீர்கள், குளிர்கண்ணாடியும் துணைக்கு ஒருவரும் இருக்கட்டும். கையெழுத்துப் போட வேண்டிய படிவங்களை மருந்து போடும் முன்பே வாங்கிப் படித்துவிடுங்கள். கண்ணின் முன்னறைக் கோணம் குறுகலானது என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், அந்த மருந்துக்கு முன்பே தெரிவியுங்கள். கிளம்பும் முன் அளவுத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மறு கண்ணுக்கும் அது தேவைப்படும்.

நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும்போது கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, வலியோடு வாந்தி வந்தாலோ, மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ அந்தத் தேதி வரை பொறுக்காதீர்கள். அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கண் அளவீட்டுப் பிரிவுப் பணியாளர்கள்