பின்படிக்கட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், அவள் வகுப்பறை இரண்டாவது மாடியில் இருக்கிறது. போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, திடீரென்று தீப்பிடித்தால் பிள்ளைகளை எப்படி வெளியே கொண்டுவருவீர்கள் என்று கேட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. மரியாதையாகவே உட்காரவைத்து, ஒரு கோப்பை எடுத்துவந்து காட்டினார்கள். பாதுகாப்புத் திட்டம், வரைபடம், குழுக்கள், யார் யாருக்கு என்ன பொறுப்பு, கையெழுத்து, முத்திரை எல்லாமே அதில் இருந்தன. சரி, வரைபடத்தில் அம்புக்குறி போட்டிருக்கிற அந்தப் பின்படிக்கட்டைப் பார்க்கலாமா என்றேன். ஒரு ஆசிரியை கூடவே வந்தார். கடைசிப் படியில் இறங்கினால் கம்பிக் கதவு, அதில் பூட்டு, பூட்டு முழுக்கத் துரு. சாவி வாட்ச்மேனிடம் என்றார்கள். அவர் முன்வாசலிலிருந்து வந்து, கையிலிருந்த கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார், ஐந்தாவதோ ஆறாவதோ உள்ளே போனது, ஆனால் திரும்பவில்லை. கூட வந்த ஆசிரியையின் முகம் வாடிவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை, அந்தக் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லி அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

கும்பகோணத்தை நாம் மறந்திருக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது, கூரை கீற்று, இறங்கி ஓடக் குறுகலான படிக்கட்டு. அதற்குப் பிறகுதான் கீற்றுக் கொட்டகைகள் கவனத்துக்கு வந்தன, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009 ஏப்ரலில் நாடு முழுக்க எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் அதைக் கையாளப் பயிற்சி தர வேண்டும், கட்டடத்தைப் பொறியாளர் பார்த்துச் சான்று தர வேண்டும் என்றெல்லாம் தீர்ப்பு வந்தது. 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்புக்கென்றே தனி வழிகாட்டுதலும் கொடுத்தது. ஆக, விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விதியைக் கோப்பில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டியே வைத்திருப்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு 1958-இல் சிகாகோவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 'அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' (Our Lady of the Angels) என்ற பள்ளியில் தீப்பிடித்து 92 மாணவர்களும் 3 கன்னியாஸ்திரீகளும் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தக் கட்டடம் தீ பாதுகாப்புச் சோதனையில் தேறியிருந்தது. பழைய கட்டடம் என்பதால் புதிய விதிகள் அதற்குப் பொருந்தவில்லை. தீயணைப்புக் கருவிகளை ஏழடி உயரத்தில் மாட்டிவைத்திருந்தார்கள், பள்ளியின் அபாய மணிக்கும் தீயணைப்புத் துறைக்கும் இணைப்பே கிடையாது.

ஜப்பானில் இஷினோமாகி நகரத்து ஒகாவா தொடக்கப் பள்ளி இன்னொன்று. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் சுனாமி வந்து சேர்ந்ததற்கும் நடுவில் ஏறக்குறைய 50 நிமிடம் இருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே ஏறக்கூடிய குன்று. ஆனாலும் எங்கே போவது என்று தீர்மானிக்க முடியாமல் பிள்ளைகளை மைதானத்திலேயே நிறுத்திவைத்திருந்தார்கள், 74 மாணவர்களும், ஆசிரியர்களும் ஊழியர்களுமாக 10 பேரும் சுனாமிக்குப் பலியானார்கள். அவர்களிடமும் கையேடு இருந்தது. அதில் அக்கம்பக்கத்துக் காலி இடம், பூங்கா என்று பொதுவாக எழுதியிருந்தார்களே தவிர, எந்த இடம் என்று இல்லை. பெற்றோர் வழக்குப் போட்டு 2019-இல் கடைசித் தீர்ப்பு வரைக்கும் போராடி, முன்கூட்டித் திட்டமிடாததும் தவறுதான் என்று நிலைநாட்டினார்கள். அதே நாளில் கமைஷி நகரத்தில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் யார் சொல்லுக்கும் காத்திருக்காமல் மேட்டைப் பார்த்து ஓடினார்கள், அதைப் பார்த்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் கிளம்ப, பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். திரும்பத் திரும்பப் பழகியது அவர்கள் காலுக்குத் தெரிந்திருந்தது.

நம் பள்ளிகளிலும் ஒத்திகை நடக்காமல் இல்லை. ஆனால் எப்படி நடக்கிறது? முந்தின நாளே அறிவிப்பு வந்துவிடுகிறது, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இறக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப ஏற்றிவிடுகிறார்கள். என் மகளிடம் கேட்டேன், "மணி அடிச்சா வரிசையா போகணும்னு மிஸ் சொன்னாங்க, ஆனா எந்த மணின்னு தெரியலப்பா" என்றாள். இடைவேளைக்கும் அதே மணிதான். அந்த ஒரு வாக்கியத்தில் எட்டு வயதுப் பிள்ளை கண்டுபிடித்த ஓட்டை, முத்திரை குத்திய கோப்பில் யார் கண்ணிலும் படவில்லை.

உண்மையான ஒத்திகை என்றால் ஒரு படிக்கட்டை வேண்டுமென்றே அடைத்துவிட்டு, மற்றதில் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் பார்க்க வேண்டும். மதிய இடைவேளையில், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடக்கும்போதும் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். வகுப்பு ஆசிரியர் விடுப்பில் இருந்தால் வருகைப் பதிவேட்டை யார் எடுத்துக்கொண்டு இறங்குவது, கழிவறைக்குப் போன பிள்ளை விட்டுப்போனது எப்படித் தெரியும், சக்கர நாற்காலியில் இருக்கிற மாணவனை மாடியிலிருந்து யார் தூக்குவது, அவருடைய பெயர் என்ன, அவர் வராத நாளில் அடுத்தவர் யார்? இதெல்லாம் செய்து பார்த்தால்தான் தெரியவரும். தீயணைப்புக் கருவியில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பதற்குச் செலவே இல்லை. நான் பார்த்த கருவியில் முள் சிவப்பில் கிடந்தது.

அப்புறம் நாங்களும், அதாவது பெற்றோரும், கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்த உடனே வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் அடைத்துக்கொண்டால் தீயணைப்பு வண்டி எந்த வழியாக உள்ளே போகும்? பிள்ளையை எந்த இடத்தில், யாரிடம், என்ன அடையாளம் பார்த்து ஒப்படைப்பார்கள் என்று பள்ளி முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டால், அந்தப் பதற்றத்திலும் நாங்கள் அங்கேதான் போவோம்.

ஒவ்வொரு ஒத்திகைக்கும் பிறகு எத்தனை நிமிடம் ஆனது, எது சரியாக நடக்கவில்லை, எதை எப்போது சரிசெய்வார்கள் என்பதை ஒரே தாளில் பெற்றோருக்குக் கொடுக்கச் சொல்லிக் கல்வித்துறை உத்தரவு போட வேண்டும். சரியாக நடக்காததை எழுதிய பள்ளியைத் தண்டிக்கக் கூடாது, தண்டித்தால் அடுத்த முறை எல்லாமே சரி என்றுதான் எழுதுவார்கள். உங்கள் நிருபர்கள் பள்ளிகளுக்குப் போகும்போது அந்தப் பின்கதவைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

எங்கள் பள்ளியில் அந்தப் பூட்டை அறுத்து எடுத்துவிட்டு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கூட்டம் வரும் சனிக்கிழமை. முதலில் பின்படிக்கட்டில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை